சக்கரத்துக்கு அடியில் தானே விழும் சங்கிலி

பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனில் பேருந்து வந்து நிற்கும்போது 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் எழுவதைக் கவனித்திருக்கிறீர்களா? கிள்ளான் துறைமுகத்திலிருந்து கொள்கலன் ஏற்றி வரும் லோரிகளும் சமிக்ஞை விளக்கில் நின்று புறப்படும்போது இதே சத்தத்தை எழுப்பும். கனரக வாகனங்களின் பிரேக்குகளை இயக்குவது அழுத்தப்பட்ட காற்று. வேலை முடிந்து அந்தக் காற்று வெளியேறும்போதுதான் நாம் அந்தச் சத்தத்தைக் கேட்கிறோம்.

நார்வே, சுவீடன் போன்ற குளிர் நாடுகளில் இதே காற்று இன்னொரு வேலையையும் செய்கிறது. பனி மூடிய சாலையில் ஓட்டுநர் ஒரு பொத்தானை அழுத்துகிறார். பேருந்தின் அடியிலிருந்து ஓர் இரும்புக் கை இறங்குகிறது. அடுத்த சில விநாடிகளில், ஓடிக்கொண்டிருக்கும் பின்சக்கரங்களுக்கு அடியில் சங்கிலிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுகின்றன. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழவே இல்லை. இதற்குத் தானியங்கிப் பனிச்சங்கிலி என்று பெயர்.

"பனியே விழாத கோலாலம்பூரில் இருக்கும் எங்களுக்கு இது எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தச் சங்கிலி தீர்க்கும் சிக்கல், மாலை மழையில் நனையும் கூட்டரசு நெடுஞ்சாலையிலும் கெந்திங் மலைச்சாலையிலும் ஒவ்வொரு நாளும் இருக்கிறது. சக்கரம் சாலையைப் பிடித்துக்கொண்டிருப்பது எப்படி? அந்தப் பிடி எப்போது விட்டுப்போகும்? பனிநாட்டுப் பேருந்தைக் கொண்டு இதைப் புரிந்துகொண்டால், நாம் ஏறும் பேருந்தும் புரிந்துவிடும்.

மூன்று தாள் அளவு பிடிமானம்

முதலில் ஒரு சிறு கணக்கு. பயணிகளோடு சேர்த்து ஒரு பெரிய பேருந்தின் நிறை 16 டன் என்று வைத்துக்கொள்வோம். அதன் டயர்களில் உள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 800 கிலோபாஸ்கல். பேருந்தின் எடையை அழுத்தத்தால் வகுத்தால், டயர்கள் சாலையைத் தொடும் மொத்தப் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். விடை 0.2 சதுர மீட்டர். உங்கள் மேசையில் உள்ள ஏ4 தாளை எடுத்துப் பாருங்கள். அப்படிப்பட்ட மூன்று தாள்களின் பரப்புதான் அது!

பேருந்தின் இயந்திரம் எவ்வளவு வலிமையானதாகவும் இருக்கட்டும். பிரேக்குகள் எவ்வளவு புதியனவாகவும் இருக்கட்டும். அது புறப்படுவதும் திரும்புவதும் நிற்பதும் இந்த மூன்று தாள் அளவு இடத்தில் நிகழும் உராய்வால்தான்.

இந்த உராய்வின் அளவைச் சொல்ல உராய்வுக் குணகம் என்ற எண்ணைப் பயன்படுத்துகிறோம். ஒரு பொருளை இழுத்து நகர்த்தத் தேவைப்படும் விசையை, அந்தப் பொருள் தரையை அழுத்தும் விசையால் வகுத்தால் வருவதே அந்த எண். உலர்ந்த தார்ச்சாலையில் ரப்பர் டயருக்கு இது சுமார் 0.7. மழையில் நனைந்த சாலையில் சுமார் 0.4. இறுகிய பனியில் 0.2. வழுக்கும் பனிக்கட்டியில் 0.1 அல்லது அதற்கும் கீழே.

இந்த எண்கள் சிறியவை. அவற்றின் விளைவு சிறியதல்ல. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம், பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்குத் தேவைப்படும் தூரத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

உலர்ந்த சாலை: ஏறக்குறைய 20 மீட்டர்.
நனைந்த சாலை: 35 மீட்டர்.
இறுகிய பனி: 71 மீட்டர்.
பனிக்கட்டி: 142 மீட்டர்.

142 மீட்டர் என்பது ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தைவிட அதிகம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனால், இந்தக் கணக்கில் ஒவ்வொன்றோடும் இன்னும் 17 மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கையையும் கவனியுங்கள். இந்தக் கணக்கில் வாகனத்தின் நிறை எங்குமே வரவில்லை. எடை கூடினால் உராய்வும் கூடுகிறது; நிறுத்த வேண்டிய நிறையும் அதே அளவு கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. "பேருந்து கனமானது, அதனால் வழுக்காது" என்று நினைப்பது தவறு.

ஏற முடியாத ஏற்றம்

நிற்பதைவிட ஏறுவது இன்னும் சிக்கலானது. பிரேக் பிடிக்கும்போது எல்லாச் சக்கரங்களும் உதவுகின்றன. மேடு ஏறும்போது, சாதாரணப் பேருந்தில் பின்சக்கரங்கள் மட்டுமே தள்ளுகின்றன. பேருந்தின் எடையில் 60 விழுக்காடு அந்தப் பின்சக்கரங்கள் மீது இருப்பதாகக் கொள்வோம். பனிக்கட்டியின் உராய்வுக் குணகம் 0.1. ஆகவே தள்ளுவதற்குக் கிடைக்கும் விசை, பேருந்தின் எடையில் 6 விழுக்காடு மட்டுமே. அதாவது 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலைக்கு மேல் அந்தப் பேருந்தால் ஏற முடியாது. ஓட்டுநர் வேகத்தை முடுக்கினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். சில வேளைகளில் பேருந்து பின்னோக்கியும் சறுக்கும்.

குளிர்நாட்டு ஓட்டுநர்கள் இந்தச் சிக்கலைக் கார்கள் வந்த காலத்திலேயே சந்தித்துவிட்டார்கள். சேற்றிலும் பனியிலும் சிக்கிக்கொள்ளாமல் இருக்கச் சிலர் சக்கரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஹாரி வீட் என்பவர் கயிற்றுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலியைப் பயன்படுத்தும் முறையை வடிவமைத்து, 1904-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். இன்றும் பனிநாடுகளில் பயன்படும் சக்கரச் சங்கிலிகளின் அடிப்படை அதுதான்.

சங்கிலி ஏன் வழுக்குவதில்லை? ரப்பர் டயர் பனிக்கட்டியின் மீது பரந்து உட்காருகிறது. பனிக்கட்டியின் மேற்புறத்தில் நீர் போன்ற மிக மெல்லிய படலம் இருப்பதால் டயருக்குப் பிடி கிடைப்பதில்லை. சங்கிலியின் கண்ணிகளோ சில புள்ளிகளில் மட்டுமே தரையைத் தொடுகின்றன. டன் கணக்கான எடை அந்தச் சிறு புள்ளிகளின் மீது இறங்குவதால் அங்கே அழுத்தம் மிகவும் கூடுகிறது. இரும்புக் கண்ணி பனிக்கட்டிக்குள் அமிழ்ந்து, பல் பதிப்பதுபோல் கவ்விக்கொள்கிறது. கால்பந்து விளையாட்டாளர்களின் காலணியில் உள்ள குமிழ்கள் செய்வதும் இதே வேலைதான்.

பொத்தானை அழுத்தினால்...

சாதாரணச் சங்கிலியில் ஒரு தொல்லை உண்டு. ஓட்டுநர் கொட்டும் பனியில் கீழே இறங்கி, கனமான சங்கிலியைச் சக்கரத்தின் மீது விரித்து, இழுத்துக் கட்ட வேண்டும். விரல்கள் குளிரில் விறைக்கும். பக்கத்தில் மற்ற வாகனங்கள் சறுக்கிக்கொண்டு வரலாம். பனி இல்லாத சாலை வந்ததும் மறுபடி இறங்கிக் கழற்ற வேண்டும். இல்லாவிட்டால் சங்கிலியும் கெடும், சாலையும் கெடும். அவசர மருத்துவ வண்டிக்கும் தீயணைப்பு வண்டிக்கும் இதற்கெல்லாம் நேரம் ஏது? பள்ளிப் பேருந்து ஓட்டுநர் பிள்ளைகளை உள்ளே விட்டுவிட்டு இறங்கி நிற்க முடியுமா?

இதற்குத்தான் தானியங்கிச் சங்கிலி வந்தது. அது வேலை செய்யும் விதத்தைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில், ஓட்டுநர் பொத்தானை அழுத்தியதும் மின்சாரத்தால் இயங்கும் ஒரு வால்வு திறக்கிறது. பேருந்தின் காற்றுத் தொட்டியிலிருந்து அழுத்தப்பட்ட காற்று ஓர் உருளைக்குள் பாய்ந்து, ஓர் இரும்புக் கையைக் கீழே தள்ளுகிறது.

இரண்டாவதாக, அந்தக் கையின் நுனியில் ஒரு சிறு சக்கரம் இருக்கிறது. அதன் விளிம்பு ரப்பரால் ஆனது. இந்தச் சிறு சக்கரம், பின்டயரின் உட்பக்கச் சுவரில் போய் அழுந்துகிறது. டயர் சுழலும்போது உராய்வினால் சிறு சக்கரமும் சேர்ந்து சுழல்கிறது. இதற்கென்று தனி மோட்டார் எதுவும் இல்லை.

மூன்றாவதாக, சிறு சக்கரத்தைச் சுற்றிப் பொதுவாக 6 அல்லது 12 குட்டைச் சங்கிலிகள் தொங்குகின்றன. சக்கரம் சுழன்றதும் அவை வெளிப்பக்கமாக விரிகின்றன. ராட்டினம் சுற்றும்போது தொங்கும் இருக்கைகள் வெளியே பறப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதுபோல. விரிந்த சங்கிலி ஒவ்வொன்றும் டயருக்கும் சாலைக்கும் இடையே போய் விழுகிறது. டயர் அதன் மீது ஏறிக் கடப்பதற்குள் அடுத்த சங்கிலி வந்துவிடுகிறது.

வேலை முடிந்ததும் ஓட்டுநர் பொத்தானை மறுபடி அழுத்துவார். காற்று வெளியேறும். ஒரு சுருள்வில் கையை மேலே இழுத்துக்கொள்ளும். வண்டி பின்னோக்கிச் சென்றாலும் இந்த அமைப்பு வேலை செய்யும்.

குறைகளும் உண்டு. ஆழமான பனியில் சிறு சக்கரமே புதைந்து நின்றுவிடும். வேகமாகவும் ஓட்ட முடியாது. சங்கிலியோடு மணிக்கு 50 கிலோமீட்டருக்குள் செல்வதே வழக்கம். இவற்றைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. டயர் உருண்டால்தான் சிறு சக்கரம் சுழலும். சிறு சக்கரம் சுழன்றால்தான் சங்கிலி விரியும். எனவே வண்டி மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும்போதே, ஏற்றத்துக்கு முன்பே, பொத்தானை அழுத்திவிட வேண்டும். வண்டி சிக்கி நின்ற பிறகு அழுத்தினால் பெரும்பாலும் பலன் இருக்காது. கருவிக்குத் 'தானியங்கி' என்று பெயர் இருந்தாலும், எப்போது தேவை என்று முன்கூட்டியே முடிவு செய்வது மனிதர்தான். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெந்திங் மலைக்குப் போகும்போது மீண்டும் தேவைப்படும்.

நார்வேயில் பனிக்காலத்தில் சாலை வழுக்கும் வாய்ப்பு இருந்தால், கனரக வாகனங்கள் சங்கிலியைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவின் கொலராடோ மாநில மலைச்சாலைகளிலும் இப்படியொரு விதி உண்டு. அங்கே தானியங்கிச் சங்கிலியும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. இந்தியாவில் மணாலிக்கு அப்பால் உள்ள இமயமலைச் சாலைகளில், கடும் பனி விழும் நாட்களில் சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டுமே காவல் துறையினர் மேலே விடுவதுண்டு. ஒஸ்லோவில் உங்களுக்கு உறவினர் இருந்தால், அங்கே பனிக்காலத்தில் பேருந்துகள் எப்படி ஓடுகின்றன என்று கேட்டுப் பாருங்கள்.

ஊட்டி ரயிலின் பற்கள்

உராய்வு போதாத இடத்தில் 'கவ்விப் பிடிப்பது' என்ற இந்த உத்தி, தமிழ்நாட்டிலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறது. அங்கே பனி இல்லை. செங்குத்தான மலை இருக்கிறது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது உராய்வு மிகக் குறைவு. சமவெளியில் அது நல்லதுதான். சிறிய விசையால் பெரிய பாரத்தை இழுக்கலாம். ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் நீலகிரி மலை ரயில்பாதையில் 12.28 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற அளவில் ஏற்றம் இருக்கிறது. ஈரமான நாளில் வெறும் உராய்வை நம்பி ரயில்பெட்டிகளை அங்கே ஏற்ற முடியாது. அதனால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே, இரு தண்டவாளங்களுக்கு நடுவில் பற்கள் கொண்ட இரும்புப் பட்டையைப் பதித்தார்கள். இயந்திரத்தின் அடியில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்வி ஏறுகிறது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் ஊட்டி வரையும் ரயில் ஓடத் தொடங்கியது. 2005-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மற்ற ரயில் இயந்திரங்கள் பலவற்றில் மணல் பெட்டி இருக்கும். மழையில் சக்கரம் வழுக்கும்போது, காற்றழுத்தத்தின் உதவியால் சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவுவார்கள். பனிச்சங்கிலிக்கு இதுவும் ஒரு சகோதரன்தான்.

நம் ஊர் மழையில்

இப்போது கோலாலம்பூருக்கு வருவோம். இங்கே ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நமக்குப் பனிக்கட்டியின் வேலையைச் செய்வது தண்ணீர்.

மழை தொடங்கும் முதல் சில நிமிடங்கள் மிகவும் ஆபத்தானவை. வெயிலில் சாலை மீது படிந்திருக்கும் எண்ணெய், ரப்பர்த் துகள், தூசு எல்லாம் தண்ணீரோடு கலந்து வழவழப்பான பசையாகிவிடும். தொடர்ந்து பெய்யும் மழை அதைக் கழுவிவிடும். ஆனால் பிறகு தண்ணீர் தேங்கத் தொடங்கும்.

தேங்கிய நீரில் டயர் என்ன செய்கிறது? அதன் பள்ளங்களைப் பாருங்கள். மலாய்மொழியில் இவற்றை 'டயரின் பூ' என்றே சொல்வார்கள். இவை அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. டயருக்கு அடியில் சிக்கும் நீரை வெளியேற்றும் வாய்க்கால்கள் இவை. வேகம் கூடினால், நீர் வெளியேற நேரம் போதாது. டயரின் முன்னால் நீர் ஆப்புபோல் நுழைந்து டயரைத் தூக்கிவிடும். சாதாரணக் காரின் டயர், மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டர் வேகத்தில் இப்படி முழுமையாக மிதக்கத் தொடங்கலாம். டயர் தேய்ந்திருந்தால் அதற்கும் முன்பே மிதக்கும். அப்போது ஓட்டுநர் கையில் உள்ள ஸ்டியரிங் எதையும் திருப்பாது; காலில் உள்ள பிரேக் எதையும் நிறுத்தாது.

கனரக வாகன டயர்களில் காற்றழுத்தம் மிக அதிகம் என்பதால், பாரம் ஏற்றிய லோரி எளிதில் மிதக்காது. ஆனால் பாரத்தை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லோரியின் கதை வேறு. எடை குறைவதால் டயர் சாலையைத் தொடும் பகுதி சுருங்கி, நெடுஞ்சாலை வேகத்திலேயே அது மிதக்க வாய்ப்பு உண்டு.

டயரின் பள்ளங்களுக்குள் சிறு மேடுகள் இருப்பதைப் பார்க்கலாம். அவை 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் வைக்கப்பட்ட தேய்மானக் குறிகள். டயர் தேய்ந்து அந்த மேடுகளுக்குச் சமமாகிவிட்டால், அது தன் வேலையை முடித்துவிட்டது என்று பொருள். நம் நாட்டுச் சங்கிலி இந்தப் பள்ளங்கள்தான் என்று சொல்லலாம்.

கெந்திங் மலை இறக்கம்

கேஎல் சென்ட்ரலிலிருந்து கெந்திங் மலைக்குப் பேருந்துகள் செல்கின்றன. அந்த உல்லாசத்தலம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21-ஆம் தேதி, அந்த மலையிலிருந்து இறங்கிய ஒரு பேருந்து பள்ளத்தில் விழுந்தது. அதில் 37 பேர் உயிரிழந்தனர். நம் நாட்டின் மிகக் கொடிய சாலை விபத்துகளில் அது ஒன்று.

ஒரு விபத்துக்குப் பல காரணங்கள் சேரலாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் எந்தப் பேருந்துக்கும் பொதுவான ஓர் எதிரி உண்டு. அது சூடு.

16 டன் பேருந்து 1,000 மீட்டர் இறங்கும்போது அது இழக்கும் நிலை ஆற்றல் 157 மில்லியன் ஜூல். ஆற்றலை அழிக்க முடியாது என்று படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அது எங்கே போகும்? பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால், அதன் பெரும்பகுதி பிரேக்குகளில் வெப்பமாக மாறும். 500 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர இந்த வெப்பம் போதும்! இவ்வளவையும் சக்கரங்களின் பிரேக்குகள் தாங்க வேண்டும். மிகவும் சூடேறினால் பிரேக் பட்டைகளின் உராய்வு குறைந்துவிடும். பிரேக் உருளையும் விரிந்து பட்டையை விட்டு விலகும். ஓட்டுநர் எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையாது.

அதனால்தான் மலைச்சாலைகளில் 'குறைந்த கியரைப் பயன்படுத்தவும்' என்ற அறிவிப்புப் பலகை இருக்கிறது. குறைந்த கியரில் இயந்திரமே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கும். பல பேருந்துகளில் 'ரிடார்டர்' என்ற துணைக் கருவியும் இருக்கிறது. காந்தப்புலத்தாலோ எண்ணெயின் எதிர்ப்பாலோ அது வேகத்தைக் குறைக்கும். அதன்மூலம் பிரேக்குகள் அவசரத் தேவைக்காகக் குளிர்ந்த நிலையில் காத்திருக்கும்.

ஆனால் குறைந்த கியரை எப்போது போட வேண்டும்? இறக்கம் தொடங்குவதற்கு முன்பே. வேகம் கூடிய பிறகு கியரைக் குறைப்பது கடினம்; சில வேளைகளில் முடியாது. பனிச்சங்கிலிக்குச் சொன்ன அதே விதிதான் இங்கேயும். பிடிமானம் போன பிறகு அதைத் தேடினால் கிடைக்காது. அது கையில் இருக்கும்போதே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

எல்லாம் கைவிட்டால் என்ன செய்வது? சில மலைச்சாலைகளின் ஓரத்தில் சரளைக்கல் நிரப்பிய அவசரப் பாதை இருக்கும். பிரேக் இழந்த லோரி அதற்குள் நுழைந்தால், சக்கரங்கள் கல்லில் புதைந்து வண்டி நின்றுவிடும். அந்தப் பாதையில் வாகனத்தை நிறுத்திப் படம் எடுப்பவர்களைக் கண்டால், அது எதற்கான இடம் என்று சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் காலணியின் உராய்வுக் குணகத்தை நீங்களே அளக்கலாம். தேவையானவை: ஒரு மீட்டர் நீளமுள்ள பலகை, அளவுகோல், காலணி.

பலகையைத் தரையில் வைத்து, ஒரு முனையில் காலணியை வையுங்கள். அந்த முனையை மிக மெதுவாக உயர்த்துங்கள். காலணி சறுக்கத் தொடங்கும் கணத்தில் நிறுத்துங்கள். தரையிலிருந்து அந்த முனையின் உயரத்தை அளந்து, பலகை தரையில் மறைக்கும் கிடைத்தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். உயரம் 50 சென்டிமீட்டர், கிடைத்தூரம் 86 சென்டிமீட்டர் என்றால் விடை சுமார் 0.58. இதுவே உராய்வுக் குணகம்.

அடுத்து, பலகையை நனைத்துவிட்டுச் செய்யுங்கள். பிறகு சோப்புநீர் தடவிச் செய்யுங்கள். காலணிக்குள் ஒரு புத்தகத்தை வைத்து எடையைக் கூட்டியும் பாருங்கள். விடை பெரிதாக மாறுகிறதா? கடைசியாக, காலணியின் அடியில் ரப்பர் வளையங்களை மாட்டிச் சோதியுங்கள். அதுதான் நீங்கள் செய்த சிறு பனிச்சங்கிலி. ஐந்து விடைகளையும் அட்டவணையில் எழுதி, அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

அடுத்த முறை பேருந்தில் ஏறும் முன் டயரின் பள்ளங்களை ஒரு கணம் பாருங்கள். விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் இருக்கை வார் அணிவது 2025 ஜூலை 1 முதல் கண்டிப்பாக அமலாக்கப்பட்டு வருகிறது. அமர்ந்ததும் அதை மாட்டிக்கொள்ளுங்கள். இன்னும் சில ஆண்டுகளில் உங்களில் பலர் ஓட்டுநர் உரிமம் எடுப்பீர்கள். அன்று மழை தொடங்கியதும், பிரேக்கைத் தேடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.